அணைந்த விளக்கை நம்பி மலையிறங்கிய திங்கட்கிழமை

2025 ஜூலை 14, திங்கட்கிழமை. காலை 6 மணி 20 நிமிடம். கரியாலூரில் மூடுபனி, தூறல் விட்டுவிட்டு விழுந்தது. காரின் முன்கண்ணாடியை வைப்பர் ஒரு முறை துடைத்து மறுமுறை வருவதற்குள் பதினாறு பதினேழு துளிகள் சேர்ந்தன. எண்ணினேன். நான் எதையும் எண்ணுவேன் என்பது உங்கள் பணிமனையில் பழைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கொஞ்சம் கூட்டியே சொல்வார்கள்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பேருந்துப் பணிமனையின் மின்பிரிவில் முப்பத்தோரு ஆண்டு நான்கு மாதம் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்துக் கதைகளில் ஒன்றை எதிர்பார்த்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது ஓய்வு பெற்று ஆறு ஆண்டு கழித்து நடந்தது. முப்பத்தோரு ஆண்டில் கற்றதையெல்லாம் ஒரே காலையில் மறந்துகாட்டிய கதை. போன மாதம் பணிமனைக்கு வந்தபோது உங்களில் மூன்று பேர் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவுக்கு நீல நிறத்தில் ஒரு கருவி துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இதையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

அந்தக் கருவி என்னிடமும் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால், காரின் கணினி சொல்வதை புளூடூத் வழியாகப் போனுக்கு அனுப்பும். போனில் அதற்கென்று ஒரு செயலி வேண்டும். நல்ல செயலிகள் சில உண்டு. அவை படித்துக் காட்டுவதோடு நின்றுவிடும். எனக்கு அது போதவில்லை. எந்த ஊரிலோ இருக்கும் நாலைந்து ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு செயலியை இறக்கிக்கொண்டேன். சோதனைப் பதிப்பு. காசு கிடையாது. திறந்ததுமே எச்சரிக்கை ஒன்று வரும்: பதினோரு வரி. இது முடிக்கப்படாத மென்பொருள், வண்டியின் கணினியில் மாற்றம் செய்யக்கூடியது, விளைவுகளுக்கு நீங்களே பொறுப்பு என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். படிக்காமல் அழுத்தியவனுக்காவது ஒரு சாக்கு உண்டு. நான் பதினோரு வரியையும் படித்துவிட்டு அழுத்தினேன்.

கரியாலூருக்கு ஏன் போயிருந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்தொன்பது ஆண்டுக்கு முன் மலையில் ஒரு பேருந்து இரண்டு நாள் படுத்துவிட்டது. அதைச் சரிசெய்யப் போன எனக்கும் இன்னொருவருக்கும் சோறு போட்டது சின்னசாமியின் வீடு. சாமையும் வரகும் பயிரிடுகிற மலைக் குடும்பம். அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது போய்வருவது வழக்கமாகிவிட்டது. சின்னசாமியின் மகள் திலகா நர்சிங் முடித்து, தேர்வெழுதி, கிராம சுகாதாரச் செவிலியர் பட்டியலில் பெயர் வந்திருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கள்ளக்குறிச்சியில் சான்றிதழ் சரிபார்ப்பு. அசல் சான்றிதழ்களோடு நேரில் வரவேண்டும், வராதவர்களின் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வருமானால் அது இந்தப் பெண்ணிடமிருந்துதான் முதலில் வரவேண்டும்.

“ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், திங்கக்கிழமை என் வண்டியிலயே கூட்டிக்கினு போய் எறக்கி வுடறேன்” என்று நானாகத்தான் சொன்னேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. காலை 6.40க்குப் பேருந்து இருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் கள்ளக்குறிச்சியில் இறக்கிவிடும். அந்த வழித்தடத்துப் பேருந்துகளின் வயரிங்கில் பாதி என் கைபட்டது. அப்படிப்பட்டவன் பேருந்து வேண்டாம் என்று ஒரு குடும்பத்தைத் தடுத்தேன் என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்போதே டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. செயலியில் பார்த்தேன். ஆக்சிலரேட்டர் மிதியில் இரண்டு சென்சார்கள் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று வந்தது. அழித்தேன். விளக்கு அணைந்தது. நான்கு கிலோமீட்டரில் மறுபடி எரிந்தது. மறுபடி அழித்தேன். கரியாலூர் போய்ச் சேர்வதற்குள் மூன்று முறை.

இந்த இடத்தில் பணிமனையில் நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். அப்போதெல்லாம் எச்சரிக்கை விளக்கு எரியும் வண்டி கேட்டைத் தாண்டக்கூடாது என்று விதி இருந்தது. நல்ல விதிதான். ஆனால் காலையில் வண்டி வெளியே போயாகவேண்டும், ஆள் பற்றாக்குறை. எங்கள் ஆட்கள் என்ன செய்வார்கள் என்றால், பல்பைக் கழற்றிவிடுவார்கள். விளக்கு எரியாது, வண்டி போய்விடும். ஒரே மாதத்தில் பதினேழு பல்புகளை டிபன் பாக்ஸ்களிலிருந்தும் சட்டைப் பைகளிலிருந்தும் கைப்பற்றி, ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு என் மேசைமேல் வைத்திருந்தேன். ஒரு வண்டி ஆயில் இல்லாமல் திருநாவலூருக்கு முன்னால் இன்ஜின் பிடித்து நின்றது. அதில் ஆயில் விளக்குக்குப் பல்பே இல்லை. எங்கள் ஃபோர்மேன் கோபக்காரர். ஆனால் அன்றைக்குக் கத்தவில்லை. பல்பைக் கழற்றியவனிடம், “லைட்டு உன்ன வையலப்பா. பேசுது. அதும் வாயில துணிய வெச்சி அடைச்சிட்டு, ஒண்ணும் சொல்லலியேன்னா எப்படி?” என்று மட்டும் கேட்டார். பல்பைக் கழற்றியவன் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு மெமோ எழுதியவன் நான்.

நான் மூன்று முறை அழித்தது என்ன வேலை என்று இப்போது உங்களுக்குப் புரியும். எனக்கு அன்று புரியவில்லை. போனில் செய்தால் அது வேறு வேலை என்று எப்படியோ நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை 6.20க்கு வண்டியை ஸ்டார்ட் செய்ததும் விளக்கு நான்காவது முறை எரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. செயலியில் ‘சோதனை வசதிகள்’ என்று சிவப்பு எழுத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஒன்பது வரிசை. நான்காவது: மிதியை மறுபடி கற்பித்தல். அதாவது மிதி முழுக்க விடப்பட்ட நிலை எது, முழுக்க அழுத்திய நிலை எது என்று காரின் கணினிக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுப்பது. பழைய பாடத்தை அழித்துவிட்டு, புதிய பாடத்தை எழுதும். அழுத்தினேன். நூற்றில் இத்தனை பங்கு முடிந்தது என்று எண் ஓடியது. பதினெட்டு, முப்பத்தைந்து, ஐம்பது. அறுபத்து மூன்றில் போன் அடித்தது.

கள்ளக்குறிச்சி வீட்டிலிருந்து என் மனைவி. “ஏங்க, பிரஷர் மாத்திரைய இங்கயே வெச்சிட்டுப் போய்ட்டீங்க. அங்க கடை எதுனா இருக்குதா?” என்றாள். இல்லை, பன்னிரண்டு மணிக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன். மொத்தம் நாற்பது விநாடி. செயலிக்குத் திரும்பினால் அந்த எண் இல்லை. புளூடூத் அறுந்திருந்தது. முடிந்ததா முடியவில்லையா என்று ஒரு சொல்கூட இல்லை. ஆனால் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு அணைந்திருந்தது.

அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. அணைந்ததைப் பார்த்ததும் சரியாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். உண்மையில் நடந்தது என்ன என்று பிறகு சொன்னார்கள்: அந்தச் செயலி வேலையைத் தொடங்கும்போதே பழைய பிழைக் குறிப்புகளை அழித்துவிடும். விளக்கு அணைந்தது ஆரம்பத்தில். வேலை அறுந்தது நடுவில். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இன்ஜின் சும்மா ஓடும் ஓசை கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டேன். இந்தக் காது முப்பத்தோரு ஆண்டு இன்ஜின் ஓசை கேட்ட காது. மலைக் குளிர், ஈரம், சூடேறினால் அடங்கிவிடும் என்று அதற்குச் சமாதானம் சொன்னேன்.

அதே நேரத்தில் பேருந்து நிறுத்தத்தில் ஹாரன் கேட்டது. சின்னசாமி வெள்ளை வேட்டி, தோளில் துண்டோடு வந்தார். திலகா கையில் ஒரு துணிப்பை, அதற்குள் பிளாஸ்டிக் கோப்பு. தூறல் படாமல் துப்பட்டாவால் மூடியிருந்தாள்.

“சார், பஸ்ஸு வந்துடுச்சிங்க. நாங்க அதுலயே போய்க்கிறோம். நீங்க பின்னால மெதுவா வாங்க” என்றார் சின்னசாமி.

“பஸ்ஸு முப்பது எடத்துல நிக்கும். இதுல குந்துனா நேரா ஆபீஸ் வாசல்” என்றேன்.

“முப்பது எடத்துல நின்னாலும் அது போய்ச் சேந்துடும் மாமா” என்றாள் திலகா. அவளுக்கு இருபத்தாறு வயது. வாய் ஜாஸ்தி என்று அவள் அப்பாவே சொல்வார்.

விளக்கு அணைந்த டாஷ்போர்டைக் காட்டினேன். என்ன கோளாறு, எப்படிக் கண்டுபிடித்தேன், எப்படிச் சரிசெய்தேன் என்று விளக்கினேன். விளக்கி முடித்தபோது பேருந்து போய்விட்டிருந்தது.

ஏழு மணி ஐந்து நிமிடத்துக்குப் புறப்பட்டோம். முதல் சில கிலோமீட்டர் ஏற்றமும் இறக்கமுமாக இருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. இறக்கம் தொடர்ந்து வரத் தொடங்கியதும்தான் வண்டியின் போக்கு பிடிபட்டது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டேன், வண்டி வேகத்தை விடவில்லை. இரண்டாவது கியரில் தானாக இழுத்துக்கொண்டு போனது. பிரேக்கை அழுத்தினால் குறைகிறது, விட்டால் மறுபடி ஏறுகிறது. முப்பது, முப்பத்து நான்கு. பிரேக்கிலிருந்து கருகிய வாடை வந்தது. பாதிப் பாடம் படித்த கணினி, கால் இல்லாதபோதும் கால் மிதியில் இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தது.

இடப்பக்கம் பள்ளம். மூடுபனியில் எவ்வளவு ஆழம் என்று தெரியவில்லை, அதுவரையில் நல்லது.

சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தலாம் என்றுதான் முதலில் கை போனது. இப்படிப்பட்ட நேரத்தில் எல்லாருடைய கையும் அங்கேதான் போகும். ஆனால் ஓடும்போது இன்ஜின் நின்றால் பிரேக்குக்கு இருக்கும் துணை இரண்டு மூன்று அழுத்தத்தில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கல்லாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் அது வேண்டாம். கிளட்சை அழுத்திவிடலாம், இழுப்பு நிற்கும், ஆனால் கியர் பிடிமானமும் போய், சூடேறிய பிரேக் ஒன்றே மிச்சம். ஆகவே கியரை விடாமல், விட்டுவிட்டு அழுத்தி பிரேக்குக்கு மூச்சு கொடுத்து, மலைப்பக்கமாக எங்காவது முட்டி நிறுத்துவது என்று தீர்மானித்தேன். இந்தத் தீர்மானம் மட்டும் சரி. அன்று காலை நான் எடுத்தவற்றில் சரியானது இது ஒன்றுதான். எங்கே முட்டுவது என்பதுதான் தெரியவில்லை. வலப்பக்கம் முழுக்கப் பாறை.

பின் இருக்கையிலிருந்து திலகா பேசினாள். குரல் உயரவில்லை. “மாமா, இன்னும் ரெண்டு திருப்பம். ரெண்டாவதுல சோத்துக்கைப் பக்கம் ரோடு போட ஜல்லி கொட்டி வெச்சிருக்காங்க. போன வாரம் பஸ்ஸுல வர்றப்ப பாத்தேன். அதுல ஏத்துங்க.”

“எவ்ளோ ஒயரம்?” என்றேன். அந்த நேரத்திலும் எனக்கு அளவு தேவைப்பட்டது.

“வண்டி நிக்கற ஒயரம்.”

இரண்டாவது திருப்பத்தில் ஜல்லி இருந்தது. எதிரே வண்டி இல்லை என்று பார்த்து, வலப்பக்கம் ஒடித்து, குவியலின் சரிவில் மூக்கை ஏற்றினேன். சரசரவென்று ஒரு சத்தம், முன் சக்கரங்கள் பாதி புதைந்தன, வண்டி நின்றது. அப்போதுதான் சாவியைத் திருப்பினேன். பம்பர் இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்று பேருக்கும் ஒரு கீறல் இல்லை. சின்னசாமி இறங்கி, நான்கு கற்களைப் பொறுக்கிவந்து பின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார். பிறகு இரண்டு கிளைகளை ஒடித்து, மேலே வளைவுக்கு முன்னால் போட்டுவிட்டு வந்தார்.

மணி 7.42. பேருந்து போய் ஒரு மணி நேரம். அடுத்தது ஒன்பது மணிக்குமேல். போனில் சிக்னல் இல்லை. நான் செய்த இரண்டாவது காரியம் முதலாவதைவிட மோசமாகியிருக்கும். போனை எடுத்தேன். செயலி மறுபடி கருவியோடு சேர்ந்துகொண்டு, ‘முந்தைய வேலை முடிவடையவில்லை, மீண்டும் செய்யவா?’ என்று கேட்டது. நூற்றுக்கு நூறு முடித்துவிட்டால் சரியாகிவிடும், ஐந்து நிமிடம், பத்து மணிக்குள் கொண்டுபோய்விடலாம் என்று என் மனம் கணக்குப் போட்டது. வண்டி ஏன் விளக்கை எரித்தது என்பது எனக்கு அப்போதும் தெரியாது. தெரியாத கோளாறின்மேல் அரைகுறைப் பாடம். அதன்மேல் இன்னொரு பாடம். கட்டைவிரலை அதன்மேல் கொண்டுபோய்விட்டேன்.

திலகா என் கையிலிருந்து போனை எடுத்தாள். பிடுங்கவில்லை, மருந்து பாட்டிலை எடுப்பதுபோல எடுத்தாள். அணைத்து, தன் துணிப்பையில் சான்றிதழ்களோடு போட்டுக்கொண்டாள்.

“ஆபீஸ்ல வேலை முடிஞ்சதும் குடுத்து அனுப்பறேன் மாமா.”

சின்னசாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தார் என்று நினைக்கிறேன். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பதின்மூன்று நிமிடம் கழித்து மேலிருந்து ஒரு பிக்அப் வந்தது. பின்னால் பலாப்பழம். ஓட்டியவர் நாற்பது வயதுக்காரர். நிறுத்தி, தலையை நீட்டி, “இன்னா சார், ஜல்லிய அளக்கறீங்களா?” என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னதும் உடனே கதவைத் திறந்தார். திலகா முன்னால், சின்னசாமி பின்னால் பலாப்பழங்களுக்கு நடுவில்.

என் கண் அவர் டாஷ்போர்டுக்குப் போனது. சிவப்பாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இந்தப் பெண்ணை இதில் அனுப்புவதா என்று கதவைப் பிடித்துக்கொண்டேன். “உங்க வண்டியில லைட்டு எரியுதே” என்றேன்.

“அதுங்களா? ஹேண்ட் பிரேக் லைட்டு. சுவிட்சுக்குப் போற ஒயர எலி கடிச்சிடுச்சு. எரிஞ்சிக்கினே கீது. அதுவே பிரேக் ஆயில் கம்மியானாலும் எரியற லைட்டு. அதான் தெனம் எடுக்கறப்ப மூடியத் தொறந்து ஆயில பாத்துட்டு எடுக்கறேன். இன்னிக்கும் பாத்தேன். ஒயர் வாங்கிட்டேன், வெள்ளிக்கிழம மாத்தணும்.” பிறகு அவர் என் காரைப் பார்த்தார். “உங்க வண்டியில எந்த லைட்டு எரியுதுங்க?”

“ஒண்ணும் எரியல” என்றேன்.

ஜல்லியில் மூக்கைப் புதைத்திருந்த காரை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தார். மரியாதைக்காரர், கியரைப் போட்டார்.

எச்சரிக்கை விளக்கோடு வண்டி ஓட்டலாம் என்று நான் சொல்லவரவில்லை. அவர் செய்ததும் தப்புத்தான். வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கக் கூடாது. ஆனால் அவர் விளக்கு ஏன் எரிகிறது என்று அவருக்குத் தெரியும். என்னுடையது ஏன் அணைந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அந்தச் சாலையில் யார் வண்டியில் ஏறியிருப்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் போனதும் மணி 7.58. நான் தனியாக நின்றேன். வளைவில் வண்டியை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது நம் பாடம். பிக்அப்பில் இடமும் இல்லை. பத்து மணிக்குள் போய்ச் சேர்வார்களா என்று தெரியாது, கேட்க போன் இல்லை. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்த்தேன். பாரம் ஏற்றிய வண்டி என்று பத்து நிமிடம் கூட்டினேன். கோமுகி அணைப் பக்கம் சாலை நன்றாக இருக்கும் என்று ஐந்து கழித்தேன். கச்சிராயபாளையத்தில் சந்தைக் கூட்டம் இருந்தால் என்று எட்டு கூட்டினேன். பதினோரு விதமாகக் கணக்குப் போட்டேன். ஏழில் போய்ச் சேர்ந்தார்கள், நான்கில் சேரவில்லை. பத்து மணி ஆனபோது ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து, தடித்த எழுத்தில் இருந்த அந்த வரியை நினைத்துக்கொண்டேன். என் வேலையில் நான் செய்த தப்புகளுக்கு என் சம்பளத்தில்தான் பிடித்தார்கள். இன்னொருவரின் சம்பளமே வராமல் போகும்படியான தப்பை அதுவரை நான் செய்ததில்லை.

12.35க்குக் கீழிருந்து பேருந்து ஏறிவந்தது. அதுவரை முப்பத்தெட்டு வண்டிகளும் ஒன்பது குரங்குகளும் என்னைக் கடந்திருந்தன. நம் மலைப் பேருந்துகள் ஆளை மட்டும் ஏற்றுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்: மருந்து, செருப்பு, கல்யாணப் பத்திரிகை, மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடி எல்லாம் கண்டக்டர் கையில்தான் ஏறும். வளைவில் வண்டி மெதுவானது. கண்டக்டர் படியில் நின்றபடி ஒரு மஞ்சள் பையை நீட்டினார்.

“அந்தப் பொண்ணு வூட்டுக்கு போன் பண்ணி சொல்லிச்சாம். வூட்டம்மா ஆபீஸ் வாசலுக்கே போய் உங்க போன வாங்கிக்கினு, பஸ் ஸ்டாண்டுல வந்து குடுத்தாங்க சார். மாத்திர, இட்லி, போனு. மொதல்ல மாத்திர, அப்பறம்தான் போனாம்.”

“அந்தப் பொண்ணு?”

அவர் பையை என் கையில் திணித்து, உள்ளே யாருக்கோ சில்லறை கொடுத்து, அதற்குப் பிறகுதான் திரும்பினார். அந்த ஆறு விநாடியை நான் எண்ணவில்லை, அப்போது எண்ண முடியவில்லை. பிறகு நினைத்துப்பார்த்துச் சொல்கிறேன். “ஒம்பது அம்பத்திரண்டுக்குப் போய்ச் சேந்துச்சாம். பதினாலாவது ஆளா கூப்ட்டாங்களாம். கையெழுத்து ஆயிடுச்சின்னு சொல்லச் சொல்லுச்சி.”

பேருந்து போய்விட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, ஜல்லிக் குவியலில் உட்கார்ந்து நான்கு இட்லியையும் தின்றேன். அவ்வளவு ருசியான ஆறிய இட்லியை நான் தின்றதில்லை.

மாலை காரைக் கட்டி இழுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிப் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். பட்டறைக்காரர் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. “கடைசியா வண்டியில இன்னா மாத்துனீங்க?” என்று கேட்டார். நம் தொழிலில் இதுதான் முதல் கேள்வி என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். யோசித்தேன். பன்னிரண்டு நாளைக்கு முன் புதிய தரைவிரிப்பு வாங்கிப் போட்டிருந்தேன், நல்ல கனம். அவர் குனிந்து அதன் முனையைத் தூக்கினார். மிதிக்குப் போகும் ஒயரை அது நெம்பிக்கொண்டிருந்தது. கனெக்டர் பாதி கழன்றிருந்தது. இரண்டு விரலால் உள்ளே தள்ளினார். டக் என்றது. அவ்வளவுதான் கோளாறு. அந்த விளக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான்கு முறை என்னிடம் சொல்ல முயன்றது இதைத்தான்.

ஆனால் வண்டி சரியாகவில்லை. கோளாறு போய்விட்டது, நான் எழுதிய பாதிப் பாடம் போகவில்லை. அதை அழிக்கப் பட்டறைக்காரரால் முடியாது என்று சேலத்துக்கு நிறுவனப் பட்டறைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அங்கே இரண்டு நாள். வேறு இரண்டு இடங்களிலும் அந்தச் செயலி கைவைத்திருந்தது என்றார்கள்.

செயலி எழுதியவர்களுக்கு நடந்ததை எழுதினேன், கொஞ்சம் காரமாக. மறுநாளே பதில் வந்தது. மன்னிப்புக் கேட்டு, நன்றி சொல்லி, அழைப்பு வந்தால் இணைப்பு அறுவதை அடுத்த பதிப்பில் சரிசெய்துவிட்டோம் என்று எழுதியிருந்தார்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் பொய் சொல்லவில்லை. சோதனை என்றுதான் சொன்னார்கள். சோதிக்கப்படுவது யார் வண்டி, யார் பயணம் என்று நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்த நீலக் கருவியைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன். என்னிடம் இன்னும் இருக்கிறது. படிக்கப் பயன்படுத்துங்கள், நன்றாகவே படிக்கும். எழுதும் பக்கத்துக்குப் போகுமுன் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: பாதியில் நின்றால் பழைய நிலைக்குத் திரும்ப என்னிடம் வழி இருக்கிறதா? இல்லை என்றால் அந்தப் பக்கம் உங்களுக்கு இல்லை. இருந்தாலும், பணிமனைக்குள், சமதரையில், போன் அழைப்புகளை அடைத்துவிட்டு, பேட்டரிக்குச் சார்ஜர் போட்டுச் செய்யுங்கள். வெளியூர் புறப்படும் காலையில் செய்யாதீர்கள். அடுத்தவர் ஏறி உட்காரும் வண்டியில் செய்யவே செய்யாதீர்கள். விளக்கு அணைந்தால், ஏன் அணைந்தது என்று உங்களால் ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியவேண்டும். முடியாவிட்டால் அது இன்னும் எரிகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

திலகாவுக்கு மலையிலேயே ஒரு துணை சுகாதார நிலையத்தில் வேலை. தீபாவளி கழித்துப் போனேன். பேருந்தில் போனேன். எனக்கு ரத்த அழுத்தம் பார்த்து, நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று எழுதிக்கொண்டாள். எழுதிக்கொண்டே, அன்றைக்கு எனக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்று கேட்டாள். அதுவரை யாருக்கும் சொல்லவில்லை, வீட்டிலும். அவள் கேட்டால் சொல்லாமல் இருக்க முடியாது. இழுத்துவந்த கூலி, பம்பர், சேலத்துப் பட்டறை, நீலக் கருவி, கழற்றி எறிந்த தரைவிரிப்பு. பிக்அப்காரர் காசு வாங்க மறுத்ததால் அவரிடம் வாங்கிய ஒரு பலாப்பழம். விரல் விட்டுச் சொன்னேன்.

“பஸ்ஸுல போயிருந்தா எவ்ளோ மாமா?” என்றாள்.

அவளுக்கு டிக்கெட் கிடையாது, அந்தப் பேருந்தில் பெண்களுக்கு இலவசம். சின்னசாமிக்கு மட்டும் முப்பத்தாறு ரூபாய். அந்த முப்பத்தாறு ரூபாய் செலவை அவர்களுக்கு மிச்சப்படுத்த எனக்கு ஆனது பதினேழாயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு ரூபாய்.